மொட்டை மாடி ஷீட் கூரை: கான்ட்ராக்டர் எழுதி குடுத்த அக்ரிமென்ட்ல கையெழுத்து போடலாமா?

வாசகர் கேள்வி: சார், நான் திருப்பூர்ல வேலை பாக்குறேன், அப்பா அம்மா கடலூர்ல சொந்த வீட்ல இருக்காங்க. மாடியில தண்ணி ஒழுகுது, வெயிலும் தாங்கலைனு மேல கலர் ஷீட் போட முடிவு பண்ணிருக்கோம். 900 சதுர அடி, சதுர அடிக்கு 290 ரூபா, மொத்தம் 2,61,000. கான்ட்ராக்டர் எங்க மாமா மூலமா வந்தவர். ரெண்டு பக்கத்துல ஒரு அக்ரிமென்ட் அனுப்பியிருக்கார். கையெழுத்து போடும்போது 70 சதவீதம், மெட்டீரியல் இறங்கினதும் மீதி 30 சதவீதம். "நல்ல தரமான கலர் ஷீட், ஹெவி பைப்"னு எழுதியிருக்கு. ஸ்டீல் விலை ஏறினா வித்தியாசம் நாங்க தரணும், அளவு கடைசியில ஷீட் அளவுப்படி, கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திரும்ப கிடையாது, இயற்கை சீற்றத்துக்கு பொறுப்பு இல்லை, வேலையாளுக்கு அடிபட்டா வீட்டு உரிமையாளர் பொறுப்பு, பில் வேணும்னா 18 சதவீதம் தனி, பிரச்சனைனா கோர்ட்டுக்கு போகக்கூடாது, இப்படி எல்லாம் இருக்கு. 10 வருஷ கம்பெனி வாரண்டினு போட்டிருக்கார். இது வழக்கமா எல்லாரும் எழுதுறது தானா, இல்ல எங்களை ஏமாத்துறாரா? கேட்டா மாமா தப்பா நினைப்பாரோன்னு வேற இருக்கு.

பதில்:

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த பேப்பரை பாத்து அவர் ஏமாத்துக்காரர்னு நான் சொல்ல மாட்டேன். இதுல இருக்குற பாதி வரி இந்த தொழில்ல எல்லாரும் ஒருத்தரை பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சு வெச்சிருக்கறது தான், அவரே ஒருவேளை முழுசா படிச்சிருக்க மாட்டார். ஆனா அப்படியே கையெழுத்து போடாதீங்க. மாத்த வேண்டிய இடம் நிறைய இருக்கு, அதுல ரெண்டு ரொம்ப முக்கியம்.

நான் எந்த அக்ரிமென்ட் வந்தாலும் ஒரே ஒரு விஷயத்தை தான் பாப்பேன். எந்த நாள்ல நிறுத்தினாலும் நம்ம கையை விட்டு போன காசும் நம்ம மாடியில நிக்குற பொருளும் வேலையும் கிட்டத்தட்ட சமமா இருக்கா? அவ்ளோதான். காசு முன்னாடி ஓடினா நமக்கு ரிஸ்க், வேலை முன்னாடி ஓடினா அவருக்கு ரிஸ்க், ரெண்டும் சேர்ந்து நடந்தா யாருக்கும் மனஸ்தாபம் வராது. உங்க பேப்பரை இதுல வெச்சு பாருங்க. கையெழுத்து போட்ட அன்னிக்கு 1,82,700 போயிடும், மாடியில ஒரு ஆணி கூட இருக்காது. ஷீட் வந்து இறங்கின அன்னிக்கு மிச்சம் 78,300ம் போயிடும். அதுக்கப்புறம் தான் வெல்டிங், தூண் நிறுத்துறது, ஷீட் முடுக்குறது, தண்ணி போற வழி பண்றது எல்லாமே, ஆனா அந்த வேலைக்கெல்லாம் அவருக்கு வர வேண்டிய பாக்கி ஒரு ரூபா கூட இல்ல. அதுக்குள்ள அவருக்கு வேற ஊர்ல பெரிய வேலை ஒண்ணு வந்தா ஆளை அங்க அனுப்புவாரா, காசு முழுசா வாங்கி முடிச்ச உங்க வீட்டுக்கு அனுப்புவாரா, நீங்களே சொல்லுங்க.

இது என் தங்கச்சி வீட்லயே நடந்தது. 90 சதவீதம் குடுத்தாச்சு, பைப் எல்லாம் நிறுத்தி ரெட் ஆக்சைடு அடிச்சாச்சு, அப்புறம் ஆளையே காணோம். ஆறு வாரம். அதுவும் ஐப்பசி மழை. மாடியில ஓட்டை போட்டு போல்ட் அடிச்ச இடத்துல எல்லாம் தண்ணி இறங்கி கீழ ரூம்ல சுவர் ஊறி போச்சு. போன் எடுத்தா "நாளைக்கு வரேன்மா"னு மரியாதையா தான் பேசுவார். கெட்டவர் கிடையாது, ஆனா வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. நான் அண்ணன்னு இருந்தும் அந்த பேப்பரை அவ எனக்கு காட்டல, சின்ன வேலைதானேனு விட்டுட்டா. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு, அதனால தான் உங்களுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்.

அதுக்காக அட்வான்ஸே தர மாட்டேன்னும் சொல்லாதீங்க, அது அவருக்கு அநியாயம். ஷீட் கூரையில செலவு பெரும்பாலும் பொருள்ல தான், பைப்பும் ஷீட்டும் கடையில காசு வெச்சா தான் எடுக்க முடியும், சின்ன கான்ட்ராக்டருக்கு கடை கடன் தராது. அதனால இப்படி கேளுங்க. கையெழுத்து அன்னிக்கு 25 சதவீதம், 65,250. பைப்பும் ஷீட்டும் வீட்டு வாசல்ல இறங்கி நீங்க செக் பண்ணதுக்கு அப்புறம் 40 சதவீதம், 1,04,400. தூணும் டிரஸ்ஸும் (ஷீட்டை தாங்குற இரும்பு சட்டம்) நின்னு பெயின்ட் அடிச்சு முடிச்சா 20 சதவீதம், 52,200. ஷீட் முடுக்கி, ரிட்ஜ் (உச்சியில ரெண்டு சரிவும் சேர்ற இடத்தை மூடுற ஷீட்) வெச்சு, தண்ணி பைப் மாட்டி, குப்பையை அள்ளி குடுத்தா 10 சதவீதம், 26,100. கடைசி 5 சதவீதம், 13,050, ஒரு மழை சீசன் முழுசா பாத்துட்டு பொங்கல் முடிஞ்சு. இதுல எந்த கட்டத்துலயும் அவர் கை காசு பெருசா மாட்டாது, உங்க காசும் மாட்டாது. "கடைக்கு முன்பணமே பத்தாதே"னு சொன்னார்னா இன்னும் நல்லது, கடைக்கு நானே நேரா பேங்க்ல போட்டுடறேன், பில் எங்க அப்பா பேர்ல போடச் சொல்லுங்கனு சொல்லுங்க. நேர்மையான ஆளா இருந்தா உடனே சரின்னுடுவார், அவருக்கும் தலைவலி கம்மி. இதுக்கு தயங்கினார்னா கொஞ்சம் யோசிங்க.

அடுத்தது "நல்ல தரமான கலர் ஷீட், ஹெவி பைப்". இது ஷரத்தே இல்ல தம்பி. நல்ல தரம்னா எது, ஹெவினா எவ்ளோனு நாளைக்கு சண்டை வந்தா யாரும் சொல்ல முடியாது. இங்க தான் ரேட்டே ஒளிஞ்சிருக்கு. சதுர அடி 290 அதிகமா கம்மியானு நீங்க கேக்கல, கேட்டிருந்தாலும் இந்த பேப்பரை வெச்சு என்னால சொல்லியிருக்க முடியாது, என்ன பொருள்னே தெரியாதப்ப என்ன ரேட்டுனு சொல்றது.

ஷீட்டுக்கு நாலு விஷயம் எழுதணும். எந்த கம்பெனி, என்ன தடிமன், மேல பூசியிருக்கற உலோக பூச்சு எத்தனை கிராம், என்ன கலர். தடிமன்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு, 0.5 எம்.எம்.னு சொல்லுவாங்க, அது பூச்சு பெயின்ட் எல்லாம் சேர்த்தா, இல்ல உள்ள இருக்கற இரும்பு மட்டுமானு கேட்டு எழுதிக்கோங்க, சேர்த்து 0.5னா உள்ள இரும்பு சுமார் 0.45 தான் இருக்கும். பூச்சு அலுமினியம் துத்தநாகம் கலந்தது, சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம்னு ஒரு ரகம் இருக்கு, 70 கிராம்னு ஒரு ரகம் இருக்கு. பாக்க ரெண்டும் ஒண்ணு தான், ஒரே நீலம் ஒரே பளபளப்பு. கடலூர் உப்புக்காத்துல எது முன்னாடி துரு பிடிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 150 கிராம்னு எழுதி வாங்குங்க. நல்ல கம்பெனி ஷீட்டோட அடிப்பக்கம் கம்பெனி பேர், தடிமன் எல்லாம் அச்சடிச்சிருக்கும், லாரியில இருந்து இறங்கும்போதே அதை போட்டோ எடுக்கச் சொல்லுங்க அப்பாவை.

பைப்புக்கு "2க்கு 2"னு சைஸ் மட்டும் போட்டா பத்தாது, சுவர் தடிமன் போடணும். 2 இஞ்ச் சதுர பைப் 2 எம்.எம். தடிமன்ல ஒரு 20 அடி பைப் கிட்டத்தட்ட பதினேழரையில இருந்து 18 கிலோ வரும். அதே பைப் 1.6 எம்.எம்.ல பதினாலரை கிலோ தான். வெளிய இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு பைப்புக்கு 3 கிலோ, ஐம்பது பைப்புக்கு 150 கிலோ இரும்பு, உங்க கணக்குல இருக்கும், மாடியில இருக்காது. அதனால "பைப் எடை போட்டு ஏத்துக்கப்படும்"னு ஒரு வரி சேருங்க. பக்கத்து கடை தராசுல ரெண்டு பைப்பை நிறுத்தி பாத்தாலே போதும். கடலோரம்ங்கறதால முடிஞ்சா தூணுக்கு ஜி.ஐ. பைப்பே (துத்தநாகம் பூசின பைப்) கேளுங்க, கொஞ்சம் கூட ஆகும், ஆனா சாதா பைப்புக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க ஏணி போட்டு ஏறணும்னா வயசான அப்பாவால முடியுமா?

ஸ்க்ரூ, வாஷர் வரைக்கும் எழுதறது அதிகமோன்னு தோணும், ஆனா ஷீட் கூரை ஒழுகறதே பெரும்பாலும் அந்த ரப்பர் வாஷர்ல இருந்து தான். சாதா ரப்பர் வெயில்ல வெடிச்சு போகும். ஈ.பி.டி.எம். (வெயில் தாங்குற ஒரு வகை ரப்பர்) வாஷரோட செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூனு (தானே ஓட்டை போட்டு இறங்கற ஸ்க்ரூ) ஒரு வரி போதும்.

இப்ப அளவு. "கடைசியில ஷீட் அளவுப்படி"ங்கறது சின்ன வரி, ஆனா காசு இருக்கற வரி. ஒரு ஷீட் மொத்த அகலம் சுமார் 1070 எம்.எம்., ஆனா பக்கத்து ஷீட்டு மேல ஏறி உக்காரும்போது அது மூடுறது சுமார் 1000 எம்.எம். தான். ஷீட் அளவுல கணக்கு போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறின பாகத்துக்கும் நீங்க ரேட் குடுக்கறீங்க, கிட்டத்தட்ட 7 சதவீதம். 900 சதுர அடிக்கு 63 சதுர அடி, 290 வெச்சா 18,270 ரூபா. இப்படி அளக்கறது தப்புன்னு சொல்லல, நிறைய பேர் அப்படித்தான் அளக்கறாங்க, ஆனா 2,61,000னு சொல்லிட்டு கடைசி நாள் 2,79,000னு டேப்பை நீட்டினா அது நியாயம் இல்ல. கூரை மூடுற பரப்பு, சரிவு அளவுல, வெளிய நீட்டுற ஓரம் சேர்த்து எவ்வளவுனு இப்பவே டேப் வெச்சு அளந்து எழுதிட்டு, மொத்தத் தொகையை ஒரே தொகையா உறுதி பண்ணிடுங்க. ரிட்ஜ், ஓர ஷீட், கட்டர் (கூரை ஓரத்துல மழைத் தண்ணியை வாங்குற வாய்க்கால்), கீழ தண்ணி இறக்குற பைப், இதெல்லாம் அந்த 290க்குள்ளயா வெளியவானு கட்டாயம் கேளுங்க, முக்கால்வாசி சண்டை இங்க தான் ஆரம்பிக்குது. 900 சதுர அடியில 10 செ.மீ. மழை பெஞ்சா எட்டாயிரம் லிட்டருக்கு மேல தண்ணி. கட்டர் இல்லாம அது அப்படியே பக்கத்து வீட்டு சுவர்ல ஊத்தினா ஊர்ல முகம் குடுத்து பேச முடியாது.

விலை ஏறினா வித்தியாசம் நீங்க தரணும்ங்கற ஷரத்து, இப்ப இருக்கற வடிவத்துல கண்டிப்பா நியாயம் இல்ல. 70 சதவீதம் காசை முதல் நாளே வாங்கிட்டவர் மறுநாளே பைப் வாங்கிடலாமே, அப்புறம் விலை ஏறினா அது அவர் தாமதம். ஸ்டீல் விலை ஏறும் இறங்கும்ங்கறது உண்மை, அதனால இதை முழுசா அடிக்க சொல்லாம இப்படி மாத்துங்க: அட்வான்ஸ் வந்த 10 நாளுக்குள்ள பொருள் வாங்கணும், அதுவரைக்கும் ரேட் மாறாது, நாங்க காசு தர லேட் பண்ணா மட்டும் கடை பில்லை காட்டி வித்தியாசம் வாங்கிக்கலாம், விலை இறங்கினா எங்களுக்கும் குறைக்கணும். கடைசி வரியை கேட்டதும் பெரும்பாலும் அவரே "விடுங்க, ஃபிக்ஸட் ரேட்டே போட்டுக்கலாம்"னு சொல்லிடுவார்.

கேன்சல் ஷரத்துல அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஷீட்டை உங்க மாடி நீளத்துக்கு வெட்டி தான் ஆர்டர் எடுப்பாங்க, 17 அடி 3 இஞ்ச்னு வெட்டின ஷீட்டை கடை திரும்ப எடுக்காது. ஆனா ஆர்டரே போடாதப்ப 1,82,700ஐயும் விழுங்கறது எந்த கணக்குலயும் வராது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74, அபராதம்னு எவ்ளோ பெரிய தொகை எழுதியிருந்தாலும் அந்த தொகைக்குள்ள நியாயமான நஷ்டஈடு தான் கிடைக்கும்னு சொல்லுது. 2015ல கைலாஷ் நாத் வழக்குல சுப்ரீம் கோர்ட், நஷ்டமே இல்லாம முன்பணத்தை பறிமுதல் பண்ண முடியாதுனு தெளிவா சொல்லிடுச்சு. அதனால "ஆர்டருக்கு முன்னாடி கேன்சல் பண்ணா நிஜமா ஆன செலவு போக மீதி 15 நாள்ல திருப்பித் தரணும், வெட்டின ஷீட்டுக்கு பணம் குடுத்து வாடிக்கையாளர் எடுத்துக்கணும்"னு மாத்துங்க. அப்புறம் அவர் பாதியில விட்டுட்டு போனா என்னனு அந்த ரெண்டு பக்கத்துல ஒரு வரி கூட இல்ல பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தண்டனை இருக்கற அக்ரிமென்ட் அது. தொடர்ந்து 10 நாள் வேலை நடக்கலைனா வேற ஆளை வெச்சு முடிச்சு அந்த செலவை பாக்கியில கழிச்சுக்கலாம்னு சேருங்க. பாக்கி கையில இருந்தா தான் இந்த வரிக்கு உயிரு, அதனால தான் பணம் குடுக்கற வரிசையை முதல்ல சொன்னேன்.

தேதியே இல்லங்கறதையும் கவனிங்க. ஆரம்பிக்கற நாள், முடிக்கற நாள் ரெண்டும் வேணும். மழை பெஞ்ச நாள் கழிச்சுக்கட்டும், வெல்டரை மழையில நிக்க வைக்க முடியாது. லேட்டுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபானு வெச்சு, மொத்தத்துல 5 சதவீதத்துக்கு மேல போகாதுன்னும் நீங்களே எழுதுங்க. ஒரு நாளைக்கு 5,000னு எழுதினா அதே பிரிவு 74 உங்களுக்கு எதிராவும் வேலை செய்யும்.

இனி ரெண்டாவது முக்கியமான இடம், காத்து. "இயற்கை சீற்றத்துக்கு பொறுப்பு இல்லை"னு நாலு வார்த்தையில முடிச்சிட்டார். கடலூர்ல இருக்கறவங்களுக்கு 2011 டிசம்பர் 30 மறக்காது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறினப்ப உங்களுக்கு வயசு என்னவோ, அப்பாவை கேளுங்க. அந்த வாரம் நான் அந்த பக்கம் வீடு வீடா போய் பாத்தேன். நிறைய இடத்துல ஷீட் கிழியல, ஸ்க்ரூவும் பிடுங்கல, கூரை அப்படியே முழுசா தூணோட கிளம்பி போயிருந்தது. காரணம் தூணோட அடியில இருந்த இரும்பு பிளேட்டை நாலு சின்ன போல்ட்ல தட்டோட்டு மேலயே அடிச்சிருந்தாங்க, காங்கிரீட்டை அது தொடவே இல்ல. அதுக்கு பேர் இயற்கை சீற்றம்னு என்னால சொல்ல முடியல.

கட்டடத்துக்கு காத்து கணக்கு போட இந்திய தரம் ஒண்ணு இருக்கு, ஐ.எஸ். 875 பகுதி 3. அதுல சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படை காத்து வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். நீங்க புதுச்சேரிக்கு பக்கத்து ஊர், அந்த 50 தான் உங்களுக்கும் வெச்சுக்கணும். 39க்கும் 50க்கும் பெரிய வித்தியாசம் இல்லைனு தோணும், ஆனா காத்து தள்ளுற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்குக்கும் மேல. 50 மீட்டர்ல சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. உங்க கூரை 84 சதுர மீட்டர், தோராயமா பன்னிரண்டரை டன். சரிவு, உயரம், பக்கம் திறப்பா மூடியானு பாத்து இந்த கணக்கு ஏறும் இறங்கும், ஆனா கூரையோட மொத்த எடை ரெண்டு டன்னுக்குள்ள தான் இருக்கும்ங்கறதை பக்கத்துல வெச்சு பாருங்க. சும்மா எடையால அது கீழ உக்காந்திருக்காது, போல்ட் தான் பிடிச்சிருக்கணும். கோயம்புத்தூர்ல நல்லா நிக்குற டிசைனை கடலூர்ல அப்படியே போட்டா பத்தாதுன்னு நான் அடிச்சு சொல்றது இதனால தான்.

அதனால அந்த வரியை அடிச்சிட்டு இப்படி எழுதச் சொல்லுங்க: தூண் எல்லாம் கீழ பில்லர் அல்லது பீம் இருக்கற இடத்து மேல மட்டும் நிக்கணும், தட்டோட்டை வெட்டி எடுத்துட்டு காங்கிரீட்டுக்குள்ள ஆங்கர் போல்ட் இறங்கணும், தூண் எண்ணிக்கை, பிளேட் சைஸ், போல்ட் சைஸ், ஆழம் எல்லாம் ஒரு சிவில் எஞ்சினியர் 50 மீட்டர் காத்துக்கு கணக்கு போட்டு கையெழுத்து போட்ட படத்துல இருக்கறபடி, அந்த வேகத்துக்கு உள்ள அடிக்கற காத்துல கழண்டா கான்ட்ராக்டர் பொறுப்பு, அதுக்கு மேல போனா அவர் பொறுப்பு இல்ல. எஞ்சினியருக்கு தனியா கொஞ்சம் செலவாகும், அதை நீங்களே குடுங்க, அவர் தலையில கட்டாதீங்க, உங்க ஆளா இருக்கறது தான் நல்லது. தட்டோட்டை வெட்டின இடத்தை வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி மூடுறது யார் வேலைனும் ஒரு வரி வேணும், கூரை போடறதே ஒழுகலுக்காக தானே, அதுவே புதுசா ஒழுக வெச்சுடக்கூடாது. நிஜமான பெரும் புயலுக்கு கான்ட்ராக்டரை பிடிக்க முடியாது, அது நியாயமும் இல்ல, அதுக்கு வீட்டு இன்சூரன்ஸ் இருக்கு, பாரத் கிருஹ ரக்ஷாங்கற பாலிசியில புயல் சேதம் வரும், எடுக்கும்போது மாடி ஷீட்டையும் சொல்லி சேர்க்கணும்.

10 வருஷ கம்பெனி வாரண்டியை பத்தி. அது ஷீட் கம்பெனி ஷீட்டுக்கு தர்றது, கான்ட்ராக்டர் வேலைக்கு தர்றது இல்ல. பில் உங்க பேர்ல இல்லைனா கம்பெனிகிட்ட நின்னு கேக்கவே முடியாது. அதோட வாரண்டி அட்டையை வாங்கி படிங்க, கடற்கரையில இருந்து இவ்வளவு தூரத்துக்குள்ள இருந்தா பொருந்தாதுனு பெரும்பாலும் எழுதியிருக்கும், உங்க வீடு கடல்ல இருந்து எவ்வளவு தூரம்னு பாருங்க. கட்டிங் வீல் வெச்சு ஷீட்டை வெட்டினா தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு போய் துரு ஏறும், வாரண்டியும் போகும், ஷீட்டை கத்திரி வெச்சு தான் வெட்டணும்னு சொல்லிடுங்க. ஒழுகலுக்கு கான்ட்ராக்டர் தனியா ரெண்டு மழைக்காலம் இலவசமா வந்து சரி பண்ணணும்னு கேளுங்க, தன் வேலை மேல நம்பிக்கை இருக்கறவருக்கு அது பெரிய விஷயம் இல்ல.

பில் வேணும்னா 18 சதவீதம் தனிங்கறதை நானும் எத்தனையோ இடத்துல பாக்குறேன். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தா பில் போடறது அவர் கடமை, உங்க விருப்பம் இல்ல. பதிவு இல்லைனா வரினு ஒரு ரூபா கூட வாங்க முடியாது. நம்பரை கேட்டு ஜி.எஸ்.டி. வெப்சைட்ல போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷம். 2,61,000 வரியோடயா வரி இல்லாமலானு எழுதிட்டு தான் மத்த பேச்சு. காசை ரொக்கமா கேட்டா ஒத்துக்காதீங்க, ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதை வருமான வரி சட்டமே தடுக்குது, மாட்டினா அபராதம் வாங்கினவருக்கு தான், அவருக்கும் இதை சொல்லுங்க. எல்லாம் பேங்க் வழியா, ஒவ்வொரு தவணைக்கும் எந்த கட்டம்னு குறிப்போட.

வேலையாளுக்கு அடிபட்டா நீங்க பொறுப்புங்கற வரியை கண்டிப்பா எடுக்கணும். மாடியில ஓரத்துல நின்னு வெல்டிங் அடிக்கறவனுக்கு கயிறு பெல்ட் குடுத்து பாதுகாப்பா நிறுத்தறது யார் கையில இருக்கு? கான்ட்ராக்டர் கையில. அப்ப பொறுப்பும் அங்க தான் இருக்கணும். இதுல காசை விட உயிர் பெருசு தம்பி, அதனால வரியை மாத்தினதோட விடாதீங்க, பெல்ட் இல்லாம ஓரத்துல ஏறக்கூடாதுனு எழுதி, வர்ற ஆளுங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சவங்களானும் கேளுங்க. பக்கத்துல கரண்ட் லைன் போகுதான்னு அப்பாவை ஒரு தடவை பாக்க சொல்லுங்க, 20 அடி பைப்பை மாடிக்கு ஏத்தும்போது தான் விபத்து நடக்குது.

கோர்ட்டுக்கு போகக்கூடாதுங்கறது, அவர் எழுதினாலும் நீங்க கையெழுத்து போட்டாலும் செல்லாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 28 அப்படி தடுக்கற ஷரத்தை செல்லாதுனு சொல்லுது. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நியாயமில்லாத ஒப்பந்தம்னே ஒரு விளக்கம் இருக்கு, அளவுக்கு மீறின டெபாசிட், நஷ்டத்துக்கு சம்பந்தமே இல்லாத அபராதம் இதெல்லாம் அதுல வருது. ஷரத்தே நியாயமில்லைனு போறதா இருந்தா மாநில நுகர்வோர் ஆணையம், வேலை சரியில்லைனு போறதா இருந்தா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க இருக்கற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. ஆனா இதெல்லாம் கூரை இல்லாம ஒரு மழையை தாண்டினதுக்கு அப்புறம் கிடைக்கற நியாயம். நான் இவ்ளோ எழுதறது நீங்க அங்க போக வேண்டிய நிலைமையே வராம இருக்கத்தான்.

மாமா விஷயத்துக்கு வரேன். எனக்கு தெரிஞ்சு சொந்தம் மூலமா வந்த வேலையில தான் எழுத்து அதிகமா வேணும், ஏன்னா நாளைக்கு ஒழுகினா நீங்க கான்ட்ராக்டரை கேக்க மாட்டீங்க, மாமா முகத்தை பாத்து விட்டுடுவீங்க, அம்மா மனசுல மட்டும் அது கிடக்கும், கல்யாண வீட்ல பாக்கும்போது வெளிய வரும். அதனால கான்ட்ராக்டர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி மாமாகிட்ட போன் பண்ணுங்க. "மாமா, நீங்க சொன்னதால இவரையே வெச்சுக்கறோம், தவணையை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதிக்கலாம்னு இருக்கோம், நான் ஊர்ல இல்ல, அப்பாவுக்கு எது எப்பனு பேப்பர்ல இருந்தா சுலபமா இருக்கும்"னு சொல்லுங்க. இது பொய்யும் இல்ல, நிஜமாவே உங்க அப்பாவுக்காகத் தான். முடிஞ்சா மாமாவையே சாட்சி கையெழுத்து போடச் சொல்லுங்க.

எல்லாத்தையும் அவர் ஒத்துக்க மாட்டார், அதுவும் தெரிஞ்சுக்கோங்க. கடைசி 5 சதவீதத்தை 3 ஆக்கலாம், ரெண்டு மழைக்காலத்தை ஒண்ணாக்கலாம், லேட் அபராதத்தை விட்டுடலாம், இதெல்லாம் பேசி முடிக்கற சமாச்சாரம். ஆனா தவணை வேலையோட நடக்கறது, ஷீட் பைப் போல்ட் விவரம் எழுத்துல இருக்கறது, தூண் பில்லர் மேல நிக்கறது, இந்த மூணுல இறங்கி வராதீங்க. மூணுக்கும் முடியாதுன்னார்னா மாமாகிட்ட மரியாதையா சொல்லிட்டு வேற ரெண்டு பேர்கிட்ட இதே விவரத்தை குடுத்து ரேட் வாங்குங்க. ஒரே விவரத்துக்கு மூணு ரேட் வந்தா தான் 290 எப்படினு உங்களுக்கே புரியும்.

இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவை மாடிக்கு ஏறி, கீழ பில்லர் எங்கெங்க வருதோ அந்த இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு, டேப் வெச்சு ஒண்ணுக்கொண்ணு தூரம் எழுதி, நாலு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. அக்ரிமென்ட்டை மாத்தி எழுதினதும் அதோட சேர்த்து எனக்கு அனுப்புங்க, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறேன்.